வாசகர் கேள்வி – பதில்: ஒரே வகுப்பறையில் எல்லாக் குழந்தைகளும்

மாற்றுத்திறன் குழந்தைகள் பொதுப்பள்ளியில் படிப்பதைப் பற்றியும், அவர்களை ஆசிரியர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியும் நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களும் பள்ளிகளின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன, கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வலது கையும் காலும் சரியாக இயங்காது; பேச்சு மெதுவாக வரும், ஆனால் சொல்வதெல்லாம் புரியும். எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறோம். பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சென்ற ஆண்டு வகுப்பிலேயே ஒரு முறை வலிப்பு வந்தது. டீச்சர் நல்லவர்தான், திட்டுவதில்லை. ஆனால் பார்க்கும்போதெல்லாம், "ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்கம்மா, அங்கதான் இவனுக்கு நல்லது" என்கிறார். பையன் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறான். அவரைப் பகைத்துக்கொள்ளாமல் எப்படிப் பேசுவது? சட்டம் என்ன சொல்கிறது?
– கோத்தகிரி வட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா, அது உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 31ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற, 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமையைத் தருகிறது. இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் குழந்தையின் தரப்புக்கே உரியது. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அங்கீகாரம் மட்டுமே பெற்ற பள்ளியானாலும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடத்தையும் வளாகத்தையும் அந்தக் குழந்தை புழங்கத்தக்கதாக ஆக்க வேண்டும், தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே டீச்சர் ஆலோசனை சொல்லலாம். உங்கள் மகனை அனுப்பிவிட முடியாது.

ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால், அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் நிலைக்குமே தவிர, கடைசி பெஞ்சை விட்டு முன்னே வரமாட்டான். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வலிப்புதான் என் கண்ணில் பட்டது. சிறப்புப் பள்ளியைப் பரிந்துரைக்கும் ஆசிரியர்களில் பலருக்குக் கற்பிப்பதைவிட, 'என் வகுப்பில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது' என்பதே பெரிய அச்சம். சமவெளியில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரமும் எஸ்டேட் பாதையில் வந்து சேரும் நேரமும் ஒன்றல்ல என்பது அவருக்கும் தெரியும். அந்த அச்சத்தைப் போக்காமல் அன்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

எனவே ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கு அடியில் துணியை மடித்து வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர் புகட்டக் கூடாது, கையில் சாவியையோ இரும்பையோ கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும். அதன் கீழே உங்கள் எண், கணவரின் எண், பார்க்கும் மருத்துவரின் பெயர், அவன் உட்கொள்ளும் மாத்திரையின் பெயர், நேரம் ஆகியவற்றைக் குறியுங்கள். தலைமையாசிரியரிடமும் ஒரு படி கொடுங்கள். 'ஏதாவது ஆனால் உங்களைக் குறை சொல்ல மாட்டோம்' என்று நீங்கள் வாயால் சொல்வதைவிட இந்தத் தாள் அதிகம் பேசும்.

அடுத்ததாக, ஒரே நேரத்தில் பத்து கோரிக்கைகளை வைக்காதீர்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள். என் தேர்வு, அவன் உட்காரும் இடம். பெஞ்சில் கால் தொங்கிக்கொண்டிருந்தால் அவனுடைய உடல்வலு முழுவதும் விழாமல் உட்கார்ந்திருப்பதிலேயே செலவாகும். எழுதக் கை மிஞ்சாது. காலுக்கு அடியில் ஒரு பலகை, தாள் நழுவாமல் மேசையோடு ஒட்ட இரண்டு துண்டு செல்லோ டேப், பிடிப்புக்காகத் துணி சுற்றித் தடிமனாக்கிய பென்சில், முதல் வரிசையில் சுவரோரமாக ஓர் இடம். இவற்றில் எதற்கும் அரசாணை வேண்டியதில்லை. இடது கையால் அவன் ஐந்து எழுத்து எழுதிவிட்டால், டீச்சர் அடுத்த நாள் ஆறாவது எழுத்தைச் சொல்லிக்கொடுப்பார்.

வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். உங்கள் மகனின் பெயர் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். போக்குவரத்துப் படி, துணையாளர் படி ஆகிய உதவித்தொகைகளுக்கும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் 'வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள்' என்று சொன்னால், முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். உதகை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளும் இருக்கிறது. அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அந்தக் கட்டம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: நான் பந்தலூர் வட்டத்தில் ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிகிறேன். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் நான் ஒருத்திதான். என் வகுப்பில் காது கேட்கும் கருவி அணிந்த ஒரு சிறுமி. அறிவுசார் குறைபாடு என்று பதிவு செய்யப்பட்ட ஒரு பையன், அவன் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வருகிறான். பயிற்சிகளில் 'அந்தக் குழந்தைகளை உங்கள் பிள்ளைகளாக நினையுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறார்கள். நினைக்கிறேன். அதன் பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. சிறப்புப் பயிற்றுநர் எத்தனையோ பள்ளிகளுக்குப் போக வேண்டியவர். அவரைக் குறை சொல்ல மனமில்லை. ஊரில் எனக்குத்தான் இரக்கமில்லை என்கிறார்கள்.
– பந்தலூர் வட்டத்திலிருந்து ஓர் இடைநிலை ஆசிரியை

பதில்: இரக்கத்தைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்துவிடலாம். 1996இல் ஸ்க்ரக்ஸ், மாஸ்ட்ரோபியரி என்ற இரு ஆய்வாளர்கள், 1958 முதல் 1995 வரை நடந்த 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பதில் சொன்ன ஆசிரியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர்கள் இந்தக் குழந்தைகள் பொதுவகுப்பில் படிப்பதை ஆதரித்தார்கள். அதற்கான நேரமோ பயிற்சியோ திறமையோ உதவியோ தங்களிடம் இருக்கிறது என்று சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர், அல்லது அதற்கும் குறைவு. மேலை நாடுகளில் அன்று கண்ட இடைவெளிதான் உங்கள் கடிதத்தில் இன்று இருக்கிறது. மனம் இல்லாததால் வந்த இடைவெளி அல்ல அது.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதை அறியாததில்லை. 2021 அக்டோபர் 28ஆம் நாள் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் அளித்த தீர்ப்பில், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தது. மலையில் குழந்தைகள் பள்ளிக்கு ஒருவர் இருவராகச் சிதறி இருப்பதால், தாளில் இந்த விகிதம் சரியாக வந்தாலும், ஒரு சிறப்பாசிரியர் பத்துக் குழந்தைகளுக்காகப் பத்து மலைச்சரிவு ஏறி இறங்க வேண்டியிருக்கும். பணியிட எண்ணிக்கையை முடிவு செய்பவர்கள் பேருந்து நேர அட்டவணையையும் ஒரு முறை பார்க்கலாம்.

இனி உங்கள் வகுப்புக்கு வருகிறேன். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறீர்கள் அல்லவா? ஒரே அறையில் வெவ்வேறு நிலைக் குழந்தைகளுக்கு வெவ்வேறு வேலை கொடுத்துப் பழகியவர் நீங்கள். நகரத்தில் ஒரு வகுப்புக்கு ஒரு பாடநூல் என்று நடத்துகிறவருக்குத்தான் இது புதிதாகத் தெரியும். அந்தப் பையனுக்காகத் தனியாக ஒரு பாடத்திட்டத்தைத் தேடாதீர்கள். வகுப்பு அன்றைக்குச் செய்யும் அதே வேலையில் அவனுக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுங்கள்: மற்றவர்கள் இரண்டு இலக்கக் கூட்டல் போடும்போது அவன் புளியங்கொட்டையை எண்ணி ஐந்து ஐந்தாகக் குவிக்கட்டும், அந்தக் குவியலை வைத்தே பக்கத்திலிருப்பவள் கணக்குப் போடட்டும். மாதத்துக்கு ஓர் இலக்கு போதும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லி, அவன் வரைந்த கோடுகளுக்குச் சிவப்பு மையில் 'சரி' போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைவிடப் பள்ளியின் கேட்டைத் திறந்து மூட அனுப்புவது நேர்மையானது, இரண்டுமே கல்வி ஆகாது.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனின் வீட்டு மொழி பணிய மொழி. அவனைச் சோதித்தவர் எந்த மொழியில் கேட்டார்? தமிழில் கேட்ட கேள்விக்கு அவன் வாய் திறக்காமல் இருந்ததே 'புரியவில்லை' என்று பதிவாகியிருக்கலாம். அவன் மொழி பேசும் பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் மொழியில் சில வேலைகளைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். 'அந்தக் கல்லை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வை' என்பது போன்ற இரண்டு படி உள்ள கட்டளையை அவன் தடுமாறாமல் செய்தால், மறுமதிப்பீட்டுக்கு எழுதுங்கள். உண்மையிலேயே குறைபாடு இருந்தாலும், அவன் எவ்வளவு புரிந்துகொள்கிறான் என்பது இப்படித்தான் தெரியவரும்.

சிறுமியைப் பற்றி: கருவி போட்டுவிட்டதால் காது கேட்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கருவி உங்கள் குரலைப் பெரிதாக்குவதைப் போலவே தகரக் கூரையில் விழும் மழையையும் பெரிதாக்கும். உங்கள் பக்கத்தில் ஜூன், ஜூலையில் அடிக்கும் மழையில், காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளுக்கே பாடம் பாதிதான் எட்டும். அவளுக்கு அது முழுக்க இரைச்சல். மழை வலுத்தால் வாய்ப்பாடத்தை நிறுத்தி எழுத்து வேலைக்கு மாற்றுங்கள். உங்களிடமிருந்து ஓரிரண்டு மீட்டருக்குள் அவள் இருக்கட்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்துத் திரும்பி, முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேசுங்கள். மூடுபனி அடர்ந்த நாளில் சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் உதடு அவளுக்கு ஒரு நிழல்தான். ஈரம் கருவியைக் கெடுக்கும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கும்படி வீட்டில் சொல்லுங்கள். காலையில் முதல் வேலையாக, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்த கருவியோடு ஒரு குழந்தை வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பது நடக்காத காரியமில்லை.

தாமஸ் கஸ்கி என்ற கல்வியாளர் 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆசிரியரின் நம்பிக்கை மாறி அதன் பிறகு கற்பிக்கும் முறை மாறுவதில்லை, முறையை மாற்றிப் பார்த்து, குழந்தை கற்றுக்கொள்வதைக் கண்ணால் கண்ட பிறகே நம்பிக்கை மாறுகிறது. உங்கள் பயிற்சிகள் தலைகீழாக நடக்கின்றன என்பதே என் எண்ணம். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், சொற்பொழிவுக்குப் பதிலாகச் சிறப்புப் பயிற்றுநர் உங்கள் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: என் மகளின் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். அடிக்கடி எழுந்து ஓடுகிறான், காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். டீச்சரின் கவனமெல்லாம் அவன் மேல்தான். மற்ற பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது?
– குன்னூரிலிருந்து ஒரு தந்தை

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, ஐயா, ஆனால் அதன் முகவரி தவறு. ஆசிரியருக்குத் துணை ஆள் இல்லாதது பள்ளியின் குறை. பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தப் பையனின் பெற்றோரோடு சேர்ந்து நீங்களும் 'சிறப்புப் பயிற்றுநர் வேண்டும்' என்று தீர்மானம் போடக் கேளுங்கள். உங்கள் மகளுக்கும் அதுதான் தீர்வு. காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான் என்கிறீர்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் ஓசை அவனால் தாங்க முடியாததாக இருக்கிறது. அது மணியோசையா, பெஞ்சை இழுக்கும் சத்தமா என்று கண்டுபிடித்தாலே பாதி அடங்கும்.

கேள்வி: நான் பி.எட். மாணவி. 'உள்ளடக்கிய கல்வி குறித்த ஆசிரியர்களின் மனப்பான்மை' என்ற தலைப்பில் சிறு ஆய்வு செய்கிறேன். உதகைப் பகுதியில் வினாநிரலைக் கொடுத்தேன். எல்லா ஆசிரியர்களும் எல்லாக் கூற்றுகளுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்றே குறித்திருக்கிறார்கள். ஆனால் ஓய்வறையில் பேசும்போது வேறு மாதிரி பேசுகிறார்கள். இதை எப்படி எழுதுவது?
– உதகையிலிருந்து ஒரு மாணவி

பதில்: உங்கள் வினாநிரலில் 'எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்க வேண்டும்' என்பது போன்ற கூற்றுகள் இருந்திருக்கும். அதற்கு 'இல்லை' என்று எந்த ஆசிரியர் கையெழுத்துப் போடுவார்? நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற விருப்பத்தைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள்.

இரண்டு வழிகளில் திருத்தலாம். ஒன்று, குறைபாட்டின் வகையைப் பிரித்துக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகள்தான் இருந்தன. ஊன்றுகோலோடு வரும் மாணவனை வரவேற்கும் அதே ஆசிரியர், நடத்தைச் சிக்கல் உள்ள மாணவனுக்குத் தயங்குகிறார் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அவ்ராமிடிஸும் நார்விச்சும் 2002இல் எழுதிய மீள்பார்வையில், ஆசிரியரின் வயது, பாலினம் போன்றவற்றைவிடக் குறைபாட்டின் தன்மையும் பள்ளியில் கிடைக்கும் உதவியும்தான் மனப்பான்மையோடு கூடுதலாகத் தொடர்புடையவை என்று கண்டார்கள். ஆகவே 'மாற்றுத்திறன் மாணவர்கள்' என்று மொத்தமாகக் கேட்காதீர்கள்.

மற்றொன்று, கருத்தை விட்டுவிட்டுச் செயலைக் கேளுங்கள். சென்ற வாரம் அந்த மாணவரிடம் வகுப்பில் கேள்வி கேட்டீர்களா? என்ன கேள்வி? அவருடைய நோட்டில் கடைசியாக எப்போது திருத்தினீர்கள்? குழு வேலையில் அவர் யாரோடு இருந்தார்? வகுப்பில் உட்கார்ந்து பார்க்கவும் அனுமதி கேளுங்கள். ஓய்வறையில் கேட்டதை, யார் சொன்னது என்று தெரியாதபடி, 'வினாநிரலுக்கு வெளியே' என்ற தனி இயலாக எழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டில் படிக்கத் தகுந்த பகுதி அதுவாகத்தான் இருக்கும். எல்லோரும் உடன்பட்டார்கள் என்ற அட்டவணையையும் மறைக்காமல் சேருங்கள்.

கேள்வி: என் அக்கா மகள் கூடலூர்ப் பக்கம் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் பழங்குடியினர். அவளுக்குச் சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்த நோய். குளிர்காலத்தில் கைகால் வலி வந்து நாலைந்து நாள் பள்ளிக்குப் போக முடியாமல் போகிறது. 'லீவு போட ஒரு சாக்கு, பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்' என்கிறார்கள். பனியில் காலைக் கூட்டத்தில் நிற்க வைக்கிறார்கள், ஓடச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு வேறு. என்ன செய்யலாம்?
– கூடலூரிலிருந்து ஒரு மாமா

பதில்: வெளியே தெரியாத குறைபாட்டுக்குத்தான் வகுப்பறையில் இடம் கிடைப்பது மிகக் கடினம். சக்கர நாற்காலியைப் பார்த்து யாரும் 'சாக்கு' என்று சொல்வதில்லை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான், 1952இல். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த மாவட்டத்து ஆசிரியருக்குப் பயிற்சிக் காலத்தில் அதைப் பற்றி ஒரு வகுப்பு இல்லை என்றால், அவரை மட்டும் கடிந்து என்ன பயன்?

சிக்கிள் செல் எனப்படும் இந்த அரிவாள் அணு நோய் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. இதை முதலில் தலைமையாசிரியருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் தெரியப்படுத்துங்கள். அவளைப் பார்க்கும் மருத்துவரிடம், அது அரசு மருத்துவமனையானாலும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையானாலும், பள்ளிக்கென்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: குளிரும், உடலில் நீர் குறைவதும், கடும் ஓட்டமும் வலியைத் தூண்டும், ஆகவே பனி நேரத்தில் வெளியே நிற்க வைக்கக் கூடாது, ஸ்வெட்டரும் காலுறையும் சீருடைக்கு மாறான நிறமாக இருந்தாலும் அனுமதிக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் எப்போதும் மேசையில் இருக்க வேண்டும். இந்த நோயில் சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்க முடிவதில்லை. அடிக்கடி கழிப்பறைக்குப் போக நேரும், கேட்காமலே போக விட வேண்டும். காய்ச்சல் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடுதியில் படுக்க வைக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

படிப்பில் திடீரென்று மந்தம் தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் வெளியே தெரியாமல் மூளையில் சிறு பாதிப்பு ஏற்பட்டு, கவனமும் நினைவும் குறைவதுண்டு. ஆசிரியர்கள் சோம்பேறித்தனம் என்று நினைப்பது சில வேளை இதுவாக இருக்கும்.

விடுபட்ட நாட்களுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். அவளோடு படிக்கும் ஒரு தோழியின் நோட்டைப் பிரதி எடுத்துத் தர விடுதியில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். திரும்பி வந்த முதல் நாளே தேர்வு வைக்காமல் ஒரு வாரம் தரும்படி பாட ஆசிரியர்களைக் கேளுங்கள். வருகைப் பதிவு குறையும்போது, ஒவ்வொரு முறையும் மருத்துவமனைச் சீட்டை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள். பொதுத்தேர்வில் மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் மருமகளுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவச் சான்றே முடிவு செய்யும். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கிய உடனே கொடுத்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு வரை பொறுத்திருக்க வேண்டாம்.